சேம அச்சு

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே என்பதை யான் அறிவேன். சங்ககாலத்து நட்பைப் பற்றியோ, நாவலர் பெருமானின் உரைநடைச் சிறப்பைப் பற்றியோ எழுதியிருந்தால் அவர்களும் மகிழ்ந்திருப்பர். எனக்கும் வேலை இலேசாயிருந்திருக்கும். ஆயினும், அண்மைக் காலத்திலே என் உள்ளத்தை மிகுதியும் வருத்திய பொருள் யாது, என்னை மிகுதியும் திருத்திய பொருள் யாது என்று என்னையே வினாவியபொழுது, இரண்டு வினாக்களுக்கும் ஒரே விடைதான் கிடைத்தது. அது ஒரு வண்டி. இரண்டு சில்லுகளும் ஓர் அச்சும் உடைய, படகு ஏற்றும் இரும்பு வண்டி. அதனைப் பற்றி எழுதுவதற்கு வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மரக்கலத்துக்குத் தரையிலே வேலையில்லை. தேருக்கு நீரிலே வேலையில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு என்பதை விளக்க வந்த வள்ளுவர், இடனறிதல் என்னும் அதிகாரத்திலே இவ்விரண்டையும் எடுத்துக் காட்டினார். இருபது ஆண்டுகளாக அக்குறளை யான் வகுப்பிலே விரித்துரைத்து வந்திருக்கின்றேன். ஆனால், கடலிலிருந்து தொலைவில் உள்ள ஒரு கல்லூரி படகு ஒன்றை வைத்திருக்குமாயின், அந்தப் படகு கிழமைதோறும் தரையிலே ஓடித்தான் ஆகவேண்டும் என்பதும், அதனைத் தரையில் ஓடச் செய்யும் வண்டியே படகினும் கவனத்துக்குரியது என்பதும் எனக்கு மிகப் பிந்தியே விளங்கின. பட்டறைகளிலும் கடைகளிலும் அவ்வண்டியை ‘ரெயிலர்’ என்றே சொல்வர். யானும் அவ்வாறே சொல்லுகின்றேன்.

யான் கடலுக்கு உரியவன் அல்லேன். செம்மண் தோட்டமும் ஆழக்கிணறும் உள்ள ஊரிலே பிறந்தவன். நான் மாணவனாயிருந்த காலத்திலே எம் தலைமுறையினர்க்குக் கடல் பெரும்பாலும் மூடப்பட்ட கதவாகவே இருந்தது. 1993 ஆம் ஆண்டிலே, பதின்மூன்று வயதுச் சிறுவனாக, விளக்கில்லாத ஓர் இரவில் அன்னையின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்தேன். நீர் கறுப்பாயிருந்தது, ஒருவரும் பேசவில்லை. கடல் என்றால் எனக்கு நெடுநாள் அந்த இரவே. பின்னர்க் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்று, வேறு பாடசாலைகளிற் கற்பித்து, இறுதியில் என்னை வளர்த்த இக்கல்லூரிக்கே ஆசிரியனாக வந்து சேர்ந்தேன். கடற்சாரணர் குழுவுக்குப் பொறுப்பாசிரியர் ஒருவர் தேவைப்பட்டபொழுது, அக்காலத்து அதிபர் என்னை அழைத்தார். நீந்தத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் உமது சொல்லைக் கேட்பார்களா என்றே கேட்டார். கேட்பார்கள் என்றேன். பிள்ளைகளின் சொல்லை நீர் கேட்பீரா என்று அவர் அன்று கேட்டிருந்தால், இக்கட்டுரை எழுத வேண்டிய தேவை எழுந்திராது.

என் முப்பத்தைந்தாம் வயதிலே, மாணவர் பார்த்துச் சிரிக்க, நீச்சல் பழகினேன். அதே ஆண்டில், 2015 இலே, பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்குச் சிறு பாய்ப்படகொன்றை அன்பளிப்பாகத் தந்தார். பதினான்கு அடி நீளம். கண்ணாடி நாரிழையாற் செய்த உடல். ஒரு பாய்மரம், இரண்டு பாய்கள். வெறும் உடல் 140 கிலோகிராம் நிறை கொண்டது. எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கரையோர ஊர்களிலிருந்து வரும் மாணவர் சிலர் எம் குழுவில் இருந்தனர். அணியம், பருமல், சுக்கான் முதலிய சொற்களை அகராதியில் மட்டும் கண்டிருந்த எனக்கு, அவற்றைத் தொட்டுக் காட்டியவர்கள் அவர்களே. சோளகமும் வாடையும் கொண்டலும் கச்சானும் பாட்டில் வரும் பெயர்களாக மட்டும் எனக்கு இருந்தன. அவர்களுக்கோ அவை நாட்காட்டி. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் அதனை வாங்கியபின், நம்மவரை மாலுமிகளாகக் கொண்டு 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை யான் கூறும்பொழுது, எம் பதினான்கு அடிப் படகும் அக்கப்பலின் பேரப்பிள்ளையே என்பதுபோல அவர்கள் நிமிர்ந்து நிற்பர்.

படகோடு ஒரு ரெயிலரும் வந்தது. அது பழையது. படகைத் துடைப்போம், பாயை உலர்த்துவோம், கயிறுகளைச் சுருட்டி வைப்போம். ரெயிலரை மதிலோரத்திலே தள்ளிவிடுவோம். விருந்தினரை வரவேற்று உள்ளே இருத்திவிட்டு, அவரை ஏற்றி வந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்த வீட்டாரை ஒத்திருந்தோம். காரைநகர்க் கசூரினாக் கடற்கரை ஆழங்குறைந்தது, பழகுவோர்க்கு ஏற்றது. ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரம் ஓடிய ரெயிலரை அங்கே பின்புறமாகத் தள்ளி, சில்லு மூழ்கும்வரை கடலுள் இறக்குவோம். படகு மிதந்ததும் வெளியே இழுப்போம். ஏழாண்டுகள் இவ்வாறே செய்தோம். ஏழாண்டுகளும் அது எம்மைப் பொறுத்துக்கொண்டது.

2022 ஆம் ஆண்டிலே நாட்டில் எரிபொருளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை எல்லோரும் அறிவர். காற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால், காற்று வீசும் இடத்துக்குப் படகைக் கொண்டு செல்ல எரிபொருள் வேண்டும். ஆகவே, பல மாதங்கள் படகும் ரெயிலரும் மதிலோரத்திலே கிடந்தன. 2023 தை மாதத்திலே மீண்டும் பயிற்சியைத் தொடங்க எண்ணியபோது, ரெயிலரின் இரும்பிலே ஆங்காங்கு துரு பூத்திருக்கக் கண்டேன். கல்லூரிக்கு விருந்தினர் சிலர் வரவிருந்த கிழமை அது. கம்பித் தூரிகையாலே மேற்றுருவைத் தேய்த்துவிட்டு, நீல நிறப் பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசினேன். மாணவரையும் உதவிக்கு அழைத்தேன். வேலை முடிந்தபோது அது புதியது போலவே விளங்கிற்று. வந்தவர்களும் பாராட்டினர். அந்தப் பாராட்டை யான் மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன்.

பயிற்சியின் முதல் நாள் முடிந்து கல்லூரிக்குத் திரும்பி வந்து படகை இறக்கிக்கொண்டிருந்தபொழுது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னருகே வந்தான். கரையோரத்துப் பிள்ளை. வகுப்பிலே அதிகம் பேசாதவன். புணர்ச்சி விதிகளிலே தடுமாறுபவன். “சேர், வலப்பக்கச் சில்லின்ர குடம் சுடுகுது. மற்றது சுடேல்லை” என்றான். வெயிலிலே வந்த வண்டி சுடத்தானே செய்யும் என்றேன். “ஆட்டிப் பார்த்தன், சேர். ஆடுது” என்றான். எனக்கு அவசரம், மாலையிலே கூட்டமொன்று இருந்தது. “இப்போதுதானே எல்லாம் பூசித் திருத்தியிருக்கின்றோம், தம்பி, போய்ப் பாயை மடி” என்று சொல்லி அனுப்பினேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. போய்ப் பாயை மடித்தான்.

இரண்டு கிழமைகளின் பின், மாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றின் காலையிலே மீண்டும் புறப்பட்டோம். பிக்கப் வாகனம் ரெயிலரை இழுத்தது. ஏனைய மாணவர் வானிலே முன்னே சென்றனர். படகின் கட்டு அவிழாமற் பார்த்துக்கொள்வதற்கு ஒருவர் பிக்கப்பின் பின்தட்டிலே நிற்க வேண்டும் என்று யானே ஏற்பாடு செய்தேன். அது பிழையான ஏற்பாடு என்பதை இன்று அறிகின்றேன். நிற்பதற்கு முன்வந்தவன் அதே மாணவன். பொன்னாலைத் தாம்போதியிலே பாதி தூரம் சென்றிருப்போம். இருபுறமும் தெளிந்த ஆழமற்ற நீர், கொக்குகள் நின்றன. கல்லை அரைப்பது போன்ற ஓர் ஒலி கேட்டது. சாரதி வேகத்தைக் குறைத்தார். அவர் நிறுத்துவதற்குள் வலப்பக்கச் சில்லு உட்புறமாகச் சாய்ந்தது, அச்சு முறிந்தது, ரெயிலரின் மூலை வீதியிலே குத்தியது. வாகனம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சில்லு தானே உருண்டு சென்று, அவசரமில்லாத ஒரு பிரயாணியைப்போல, நீரிலே இறங்கிச் சாய்ந்தது.

யான் இறங்கி ஓடியபோது அந்த மாணவன் தட்டிலே இடக்கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. “சேர், படகு ஓட்டையோ?” என்பதே அவன் கேட்ட முதற் கேள்வி. படகின் பின்புறத்திலே ஒரு முழ நீளத்துக்குக் கீறல், அவ்வளவே. அவன் முன்கை எலும்பு முறிந்திருந்தது. ஆறு கிழமைகள் கையைக் கட்டிலே வைத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தவணைப் பரீட்சையின் சில தாள்களை அவன் எழுதவில்லை. எதிரே அந்நேரம் பேருந்து ஒன்று வந்திருந்தால் என்று இன்றும் சில இரவுகளில் எண்ணிக்கொண்டு விழித்திருக்கின்றேன்.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். சொல்ல வேண்டிய வசனங்களை வழியெல்லாம் அமைத்துக்கொண்டே சென்றேன். வாயிலை அடைந்தபோது ஒன்றும் எஞ்சவில்லை. அவன் தாயார் கதிரை எடுத்து வைத்துத் தேநீர் தந்தார். “கடலுக்குப் போற குடும்பம், சேர். தரையில விழுந்து கை முறிஞ்சுது எண்டால் ஆர் நம்புவினம்?” என்று சொல்லி, என் சங்கடத்தைத் தணிப்பதற்காகச் சிரித்தார். தந்தையார் வலை பொத்திக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அச்சை ஆர் பார்த்தது, சேர்?” அதிலே கோபம் இல்லை. தம் தொழிலில் ஒருவர் மற்றவரிடம் கேட்கும் இயல்பான கேள்வி. இயந்திரம் நின்றால், கயிறு அறுந்தால், அதைப் பார்த்தவர் யார் என்று கேட்பது அவர்களுக்குப் பழக்கம். “ஒருவரும் பார்க்கவில்லை. உங்கள் மகன் பார்த்தான், யான் கேட்கவில்லை” என்றேன். அவர் அப்போதுதான் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பின்னர், “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ” என்றார்.

முறிந்த அச்சைப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். அங்கே வேலை செய்பவர், எழுபது வயதைத் தாண்டிய முதியவர், அதைப் பிரித்துக் காட்டி எனக்கு ஒரு பாடம் நடத்தினார். சில்லின் குடத்துக்குள்ளே உருக்குப் போளைகள் உள்ள பெயாரிங் இருக்கின்றது. ஓடி வந்த வண்டியிலே அது சூடேறியிருக்கும். அதனுள்ளே உள்ள காற்றும் விரிந்திருக்கும். அந்நிலையிலே அதைக் குளிர்ந்த நீருள் இறக்கினால், உட்காற்றுச் சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலுள்ள உப்புநீரை, அடைப்பு வளையத்தின் இடுக்கு வழியே, உள்ளே உறிஞ்சும். ஒவ்வொரு முறையும் ஒரு துளியே. அந்தத் துளி கிறீஸோடு கலந்து அதனைப் பால்போல் வெளுக்கச் செய்யும். வெளுத்த கிறீஸ் வழுக்காது, காக்காது. வண்டி ஓடினால் போளைகள் தேயும். ஓடாமற் கிடந்தால் நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கும். எரிபொருள் இல்லாத அந்த மாதங்களிலே நிகழ்ந்தது இதுவே. வலப்பக்கப் போளைகளில் உருண்டையானது ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கைப்பிடி செம்மண்ணே இருந்தது.

அச்சின் நிலை அதனினும் மோசம். அது உள்ளீடற்ற சதுரக் குழாய். வில்லுத் தகட்டை அச்சோடு பிணைக்கும் கவ்வியின் அடியிலே ஈரமணல் தங்கும். தண்ணீர் குழாயின் உள்ளே சென்று வெளியேற வழியின்றி நிற்கும். உள்ளிருந்து வெளிப்புறமாகத் துரு அரித்துக்கொண்டு வந்து, கடைசியில் முட்டையோட்டின் கனத்துக்கு இரும்பை மெலித்துவிட்டது. அதன்மேலே என் நீல நிறப் பெயின்ற் பழுதின்றிப் பளபளத்தது. பெயாரிங் நொறுங்கிச் சில்லு சாய்ந்தபோது, முறுக்கு விசையைத் தாங்க அச்சிலே வலிமை இல்லை. முதியவர் சிறு சுத்தியலால் நல்ல இடத்தைத் தட்டினார், மணிபோல் ஒலித்தது. கவ்வியின் அருகே தட்டினார். பானை ஓடுபோல் ஒலித்தது. “பூசுறதுக்கு முதல் தட்டிப் பாக்கவேணும், மாஸ்டர். பூசினாப் பிறகு கண் பொய் சொல்லும், காது சொல்லாது” என்றார்.

மயிலிறகேயானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையை வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்திருக்கின்றார். அதனைக் கற்பிக்கும்போது சுமையின் அளவைப் பற்றியே யான் பேசி வந்தேன். எம் வண்டியிலே சுமை மிகவில்லை; ஏழாண்டுகளாக அதே படகுதான். மிகாத சுமைக்கே அச்சு முறிந்தது. ஏனெனில், சுமை மாறாதிருக்க, அச்சு நாள்தோறும் குறைந்துகொண்டு வந்தது. அதிகாரத்தின் பெயர் சுமையறிதல் அன்று, வலியறிதல். தாங்கும் பொருளின் வலி இன்று எவ்வளவு என்று அறிவதே அங்கே சொல்லப்படுவது. இருபதாண்டுகள் கற்பித்த குறளின் தலைப்பை அன்றுதான் படித்தேன் என்று சொல்ல எனக்கு நாணமாயிருக்கின்றது. ஆயினும் உண்மை அதுவே.

அடுத்த திங்கட்கிழமை கடற்சாரணர் குழுவைக் கூட்டி, நடந்ததை ஒளிக்காது கூறினேன். எச்சரித்த மாணவனை அனைவர் முன்னிலையிலும் விளித்து, அவன் சொல்லைக் கேளாதது என் பிழை என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆசிரியன் மாணவரிடம் பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குன்றும் என்று சிலர் கருதுவர். மதிப்புக் குன்றியதோ யான் அறியேன். அதன்பின் பிள்ளைகள் என்னிடம் வந்து இது ஆடுகின்றது, அது கசிகின்றது என்று சொல்வது அதிகமாயிற்று என்பதை மட்டும் அறிவேன்.

ரெயிலரை மாற்ற வேண்டும் என்பதில் ஒருவர்க்கும் ஐயமிருக்கவில்லை. எவ்வாறு மாற்றுவது என்பதிலேதான் கருத்துகள் பல எழுந்தன. பழைய அச்சுக்குத் துண்டு வைத்து ஒட்டிவிடலாம் என்றனர் சிலர். மெலிந்த இரும்பிலே ஒட்டினால், ஒட்டின் அருகேயே மறுபடி முறியும் என்று பட்டறைப் பெரியவர் மறுத்துவிட்டார். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர், செய்தி அறிந்ததும், அங்கிருந்தே புதிய ரெயிலர் ஒன்றை வாங்கி அனுப்ப முன்வந்தனர். அவர்களுடைய அன்பை எவ்வளவு பாராட்டினும் தகும். ஆனால், அதன் பெயாரிங்கும் குடமும் ரயரும் இங்கே கிடைக்குமா என்று எண்ணிப் பார்த்தோம். பழுதானால் உதிரிப்பாகத்துக்காகக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் வண்டி, சிறிது காலத்தில் மீண்டும் மதிலோரத்துக்கே போய்விடும். ஆகவே, பணத்தை அனுப்புங்கள், வண்டியை இங்கேயே செய்விப்போம் என்று எழுதினோம். அவர்களும் மனமுவந்து இசைந்தனர். செலவுக் கணக்கு முழுவதும் பொருளாளரிடம் இருக்கின்றது, எவரும் பார்வையிடலாம்.

புதிய வண்டியைப் பற்றிய முதன்மையான யோசனை எவர் தந்தது என்று பதிவு செய்வது என் கடமை. கையிலே கட்டோடு இருந்த அந்த மாணவனே, “றோட்டில ஓடுறது ஏன் கடலுக்குள்ள போகவேணும்?” என்று கேட்டான். கேட்டபின்புதான் விசாரித்தோம். சிறு பாய்ப்படகு வைத்திருப்போர் பிற நாடுகளிலே இரட்டை வண்டி முறையைக் கையாளுகின்றனர் என்பது தெரியவந்தது. வீதியில் ஓடும் ரெயிலர் ஒன்று; அதன்மேலே ஏறியிருக்கும் கைவண்டி மற்றொன்று. படகு எப்போதும் கைவண்டியிலேயே இருக்கும். கரையை அடைந்ததும் கைவண்டியைப் படகோடு கீழே உருட்டி, அதனை மட்டும் கடலுள் இறக்குவர். கைவண்டியின் சில்லுகள் அகன்றவை, மணலிலே புதையா. அவற்றுக்குப் பெயாரிங் இல்லை. வழுவழுப்பான பிளாஸ்டிக் உறையே உண்டு. உப்புநீர் அதனை ஒன்றும் செய்யாது. வீதி ரெயிலரோ கடல்நீரைத் தொடுவதேயில்லை. எம் ஏழாண்டுத் தவற்றுக்கு மருந்து இத்துணை எளியதாய் இருந்தது.

சட்டத்தைப் பட்டறையிலே ஒட்டி முடித்தபின், நாகமுலாம் பூசுவிக்கத் தென்னிலங்கைக்கு லொறியில் அனுப்பினோம். ஏறத்தாழ 450 பாகை செல்சியசிலே உருகி நிற்கும் நாகத்துள் இரும்பை முழுவதுமாக அமிழ்த்தி எடுப்பது அம்முறை. குழாய்களிலே துளையிடாமல் மூடி ஒட்டியிருந்தால், உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் அச்சூட்டிலே வெடித்துவிடும்; எனவே ஒவ்வொரு குழாயிலும் துளை வைத்தோம். அத்துளைகளே பின்னர் மழைநீர் வடியும் வழியுமாயின. பெயின்ற் இரும்பை மூடும்; கீறினால் அங்கே துரு தொடங்கும். நாகமோ கீறிய இடத்திலும் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். இதனை விஞ்ஞான ஆசிரியர் மாணவர்க்கு விளக்கியபோது யானும் பின்வாங்கில் இருந்து கேட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். முழுச்சுமையும் சேர்ந்து 320 கிலோகிராம் வரும். 500 கிலோகிராம் தாங்கும் அச்சைத் தெரிந்தோம். முச்சக்கர வண்டிகளுக்கு இடும் 4.00-8 அளவு ரயரையே சில்லுக்கு இட்டோம். எந்தச் சந்தியிலும் அது கிடைக்கும். படகின் நிறை நடுவிலுள்ள அடிமுதுகிலேயே தங்கவேண்டும். பக்கத் தாங்கிகள் சாயாமற் பிடிப்பதற்கு மட்டுமே. அவற்றின்மேல் பாரம் விழுந்தால் படகின் உடல் நெளியும். கொளுவியின்மேல் விழும் நிறை, முழு நிறையிலே நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பின்பாரம் கூடினால் ஓடும்பொழுது வண்டி பாம்புபோல் நெளியும். ஆளை நிறுக்கும் தராசொன்றைக் கல்லடுக்கின்மேல் வைத்து அளந்து, படகை அங்குமிங்கும் நகர்த்தி, 25 கிலோகிராமில் நிறுத்தினோம். கொளுவி கழன்றாலும் வண்டி தனித்து ஓடாதபடி காப்புச் சங்கிலி பூட்டினோம். பின்தட்டிலே பிள்ளைகளை ஏற்றுவதில்லை என்ற விதியும் அன்றே எழுதப்பட்டது.

இத்தனையும் முடிந்தபின் பட்டறைப் பெரியவர், “சில்லு ஒண்டு, பெயாரிங் போட்ட குடம் ஒண்டு, கிறீஸ் அடைச்சு மேலதிகமாய்க் கட்டி வையுங்கோ” என்றார். அவர் சொன்ன கணத்திலே என் நெஞ்சிலே புறநானூற்றின் 102 ஆம் பாட்டு மின்னிற்று. ஔவையார் பாடிய பாட்டு. உப்பு விற்கும் உமணர் தம் வண்டியின் அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சைச் சேமமாகக் கட்டிக்கொண்டு புறப்படுவர். எருதுகள் இளையவை, பண்டமோ பெரிது, வழியிலே மேடு உண்டு, பள்ளம் உண்டு, அங்கே என்ன நேருமென்று எவர் அறிவார் என்பது அவர்தம் எண்ணம். அந்தச் சேம அச்சையே அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு ஔவையார் உவமையாக்கினார். உப்போடு வாழ்ந்தவர்கள் உமணர். உப்பின் குணம் அவர்களுக்குத் தெரியும். அரசகுமாரனுக்கு வாளையோ வேலையோ சொல்லாமல், வண்டியின் அடியிலே எவர் கண்ணிலும் படாது கிடக்கும் ஒரு மரக்கட்டையைப் புகழாகச் சொன்ன அப்புலமைப் பெருமாட்டியும் வழியிலே அச்சு முறிந்து நின்ற வண்டிகளைக் கண்டிருப்பார் என்றே எண்ணுகின்றேன்.

2024 ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமையன்று புதிய வண்டியிலே படகு முதன்முறை புறப்பட்டது. அந்த மாணவன் அப்போது பதினோராம் வகுப்பு; குழுவின் தலைவன். புறப்படுமுன் அவன் கையிலே ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு குடத்திலும் புறங்கையை வைத்தான், சில்லைப் பிடித்து ஆட்டினான், சுரைகளை முறுக்கிப் பார்த்தான், சங்கிலியை இழுத்தான். பின்னர்ப் புத்தகத்திலே திகதியிட்டு, ‘அச்சைப் பார்த்தவர்’ என்ற தலைப்பின்கீழ்த் தன் பெயரை எழுதிவிட்டு, புத்தகத்தை என்னிடம் நீட்டினான். “சேரும் பார்த்து ஒப்பம் வையுங்கோ” என்றான். யானும் குனிந்து, புறங்கை வைத்து, ஆட்டி, தட்டிப் பார்த்த பின்னரே ஒப்பமிட்டேன். ‘அச்சைப் பார்த்தவர்’ என்னும் அத்தலைப்பு அவன் தந்தையாரின் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதை அவனும் யானும் அறிவோம்.

பொன்னாலைத் தாம்போதியைக் கடக்கும்பொழுது சாரதி தாமாகவே வேகத்தைக் குறைத்தார். ஒருவரும் பேசவில்லை. நீர் அன்றும் தெளிந்திருந்தது, கொக்குகள் நின்றன. தாம்போதி முடிந்து காரைநகர் மண்ணை மிதித்ததும் பிள்ளைகள் வானிலிருந்து கூச்சலிட்டனர். அன்று வாடை மெல்ல வீசிற்று. கைவண்டி கடலுள் இறங்கியது. வீதி ரெயிலர் பூவரச நிழலிலே, கால் நனையாமல், நின்றது. முறிந்து பொருந்திய கையாலே அவன் பாயை ஏற்றினான். யான் சுக்கானைப் பிடித்தேன்.

கல்லூரிகளுக்கும் அச்சுகள் உண்டு. விழாக் காலத்திலே மதில்களுக்கு வெள்ளை பூசுகின்றோம், மேடை கட்டுகின்றோம், மலர் வெளியிடுகின்றோம். அவை வேண்டியவையே, யானும் அவற்றிலே மகிழ்பவன். ஆனால், பூசுமுன் தட்டிப் பார்க்கும் வழக்கமும் நமக்கு வேண்டும். பழைய மாணவரே, நீங்கள் அனுப்பும் பொருள் மதிலோரத்திலே கிடக்கின்றதா, ஓடுகின்றதா என்று வந்து பாருங்கள்; கேள்வி கேட்பது குறை கூறுவதாகாது. உடனாசிரியர்களே, வகுப்பிலே பேசாத பிள்ளை வாய் திறந்தால், அன்று கூட்டத்துக்குப் பிந்தினாலும் குற்றமில்லை. மாணவச் செல்வங்களே, சில்லு சுடுகின்றது என்று ஒருமுறை சொல்லி நாம் கேளாவிடின், மறுமுறையும் சொல்லுங்கள்.

அன்று அந்த மாணவன் எழுதாது விட்ட தாள்களில் ஒன்று தமிழ். கை பொருந்தியபின் அவனுக்குத் தனியாக வினாத்தாள் அமைத்துக் கொடுத்தேன். புணர்ச்சி விதியிலே மீண்டும் தடுமாறினான். ‘நான் கற்ற பாடம்’ என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதுமாறு ஒரு வினா இருந்தது. அவன் ஒரே பக்கம் எழுதியிருந்தான்; நன்றாகவே இருந்தது. அதே தலைப்பிலே யான் எழுதிய விடை இது. அவனுடையதைவிட நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்க. நம் கல்லூரி வாழ்க. அதன் அச்சு உறுதியுடன் நெடிது நிற்க.